ஓசியில் வந்த எண்ணெய்

போன வாரம் ஒரு சீனியர் ஹாம் (எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தவர், பேர் வேண்டாமே) ஒரு கேனோட வீட்டுக்கு வந்தார். "தம்பி, டம்மி லோடு பண்றேன்னு சொன்னியே, பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயில். ஓசிதான், ஊத்திக்கோ" என்றார். "வேண்டாம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் முகமும் வாடிவிட்டது. அன்னைக்குச் சரியா சொல்ல வரலை. இப்ப சொல்லிடறேன்.

ஹாம் இல்லாதவங்களுக்கு ஒரு வரி: ஆன்டெனாவில் விடாமல் டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க, அதன் பவரை எல்லாம் வாங்கிச் சூடாக்கிக்கொள்ளும் 50 ஓம் ரெசிஸ்டர்தான் டம்மி லோடு. அமெரிக்காவின் ஹீத்கிட் கம்பெனி விற்ற 'கேன்டென்னா' இதில் ரொம்பப் பிரபலம். ஒரு காலன் பெயின்ட் டப்பா, உள்ளே ரெசிஸ்டர், சுற்றி எண்ணெய். அவ்வளவுதான்! எண்ணெயை மட்டும் நாமதான் வாங்கி ஊத்தணும். வம்பே அங்கேதான்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர் எண்ணெய்களில் பிசிபி என்ற ரசாயனம் இருக்கலாம். லேசில் தீப்பிடிக்காது என்பதால் ஒரு காலத்தில் கொண்டாடினார்கள். அமெரிக்கா 1979இல் தயாரிப்பைத் தடை செய்தது. புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 2013இல் ஐ.ஏ.ஆர்.சி. முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. தோல் வழியாவும் உள்ளே போகும். கேனைப் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது, லேப் டெஸ்ட்தான் வழி. சார் வெறுங்கையால் அந்தக் கேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பகீர்னு இருந்தது.

சரி, புது மினரல் ஆயில் ஊத்திட்டா கவலை இல்லையா? அதுவும் இல்லை. எண்ணெய் சூட்டை விரட்டாது, வாங்கி வச்சுக்கும். ஒரு காலன் எண்ணெய்க்கு 1000 வாட் கொடுத்தால், சுமார் ஆறு செகண்டுக்கு ஒரு டிகிரி ஏறும். டப்பா வழியா காற்றுக்குப் போவது கொஞ்சம்தான். பத்து நிமிஷம் விட்டால் நூறைத் தாண்டிடும். 140 டிகிரி வாக்கில் அதன் ஆவி தீப்பிடிக்கத் தயார்.

அதனால என் கட்சி இதுதான். சீல் பிரிக்காத புது எண்ணெய். சூட்டில் எண்ணெய் விரியும், அதனால விளிம்பு வரை ஊத்தக் கூடாது, மூடியில் காற்றுப்போக்கி அவசியம். சொட்டுத் தண்ணி உள்ளே போகக் கூடாது. முழு பவரில் ஓரிரு நிமிஷம், அப்புறம் நல்லா ஆற விடணும். சமையல் எண்ணெய் ஐடியா வேண்டவே வேண்டாம், சிக்குப் பிடிச்சுக் கெட்டுப் போகும்.

ஆயிரக்கணக்கில் ரிக்குக்குச் செலவு பண்ற நாம, எண்ணெயில போய் மிச்சம் பிடிக்கணுமா? சார், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கேனைச் சாக்கடையில மட்டும் கொட்டிடாதீங்க, கையையும் சோப்பு போட்டுக் கழுவிடுங்க.

73!