இயற்கை ரப்பரைக் காப்பாற்றுங்கள்: குமரி ரப்பர் விவசாயிகள், பால்வெட்டுத் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

ஒன்றிய வணிகம், தொழில்துறை அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும்:

குலசேகரம், திருவட்டாறு, அருமனை, பேச்சிப்பாறை வட்டாரங்களில் ரப்பர் பயிரிடும் சிறு விவசாயிகளும், பால் வெட்டிப் பிழைக்கும் தொழிலாளர்களுமாகிய நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

விமானச் சக்கரத்துக்கும் கனரக லாரியின் டயருக்கும் இயற்கை ரப்பர் கட்டாயம் வேண்டும். அந்தச் சூட்டையும் பாரத்தையும் செயற்கை ரப்பர் மட்டும் தாங்காது. 1942இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்தபோது நேச நாடுகள் ரப்பருக்குத் திண்டாடின. இந்தியத் தோட்டங்களின் அருமை அன்றைக்குத் தெரிந்தது. 1947இல் ரப்பர் சட்டம் வந்தது. ரப்பர் மரமே வளராத ஐரோப்பிய ஒன்றியம்கூட 2017இல் இயற்கை ரப்பரை இன்றியமையா மூலப்பொருள் பட்டியலில் சேர்த்தது. மரமும் மண்ணும் கைத்தொழிலும் உள்ள நம் நாட்டில் நடந்தது என்ன?

2011இல் கிலோ 240 ரூபாயை எட்டிய நான்காம் ரக ரப்பர் ஷீட், 2016 பிப்ரவரியில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. வெட்டுக்கூலிக்கே கட்டுப்படியாகாமல் தோட்டம் தோட்டமாகக் கத்தியைக் கீழே வைத்தார்கள். 2012-13இல் 9 லட்சம் டன்னைத் தாண்டியிருந்த நாட்டின் உற்பத்தி 2015-16இல் 5.62 லட்சம் டன்னாகச் சரிந்தது, இறக்குமதி ஏறியது. 2023-24இல் நாட்டின் தேவை 14 லட்சம் டன்னுக்கு மேல். நாம் உற்பத்தி செய்தது சுமார் 8.57 லட்சம் டன்.

உலகச் சந்தையிலும் விலை விழுந்தது உண்மைதான். ஆனால், விழும் விலையைத் தாங்கிப் பிடிக்க ரப்பர் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது: குறைந்தபட்ச விலையும் அதிகபட்ச விலையும் நிர்ணயிக்கலாம். அந்தச் சரிவின்போது அந்த அதிகாரம் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. எங்கள் குற்றச்சாட்டு இதுதான்.

ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒருமுறை மரத்தை முறித்து விற்ற தோட்டம், அடுத்த மாதம் விலை ஏறினாலும் திரும்பி வராது. 2024 ஆகஸ்டில் விலை மறுபடி 240 ரூபாயைத் தாண்டியபோது, மரத்தை இழந்தவர்களுக்கு அதில் ஒரு பைசா பயனில்லை.

இந்த ஷீட் எப்படி உருவாகிறது என்பதையும் ஆள்வோர் அறிய வேண்டும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு தொழிலாளி முந்நூறு மரங்கள்வரை வெட்டுகிறார். பட்டையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். கத்தி ஆழம் போனால் மரம் புண்ணாகும். சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, வடிகட்டி, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைப்புரையில் உலர்த்துகிறோம். கடையில் அந்த ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டு குமிழ் தெரிந்தால் ‘லாட்’ (தரம் குறைந்தது) என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். தரம் பிரிப்பதும் அவர்களே, விலை சொல்வதும் அவர்களே.

ஆகவே நாங்கள் கோருவது:

ஒன்றிய அரசிடம்

1. ரப்பர் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பயன்படுத்தி, உற்பத்திச் செலவோடு அதில் பாதியும் சேர்த்து குறைந்தபட்ச விலையை அறிவிக்க வேண்டும். சட்டத்தை மாற்றுவதானால் இந்த அதிகாரத்தை நீக்கக் கூடாது.

2. உலர் ரப்பருக்கான இறக்குமதி வரி ‘25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது’ என்றிருக்கிறது. 200 ரூபாய் ரப்பருக்கு 50 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 30 ரூபாய்தான் வருகிறது. அந்த 30 ரூபாய் வரம்பை நீக்கி, முழு 25 சதவீத வரியையும் வசூலிக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஏற்ற உச்சவரம்பே 25 சதவீதம். எனவே இதற்கு எந்தத் தடையும் இல்லை.

3. 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பருக்கு வரிச்சலுகை இல்லை. ஆனால் அதோடு ரசாயனம் சேர்த்த கலவை ரப்பர் சலுகையோடு நுழைகிறது. 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பருக்கு உயர்த்திய வரி இந்த வழியை அடைக்கவில்லை. ஒப்பந்த மறுஆய்வில் கலவை ரப்பரையும் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

4. ஏற்றுமதிப் பொருட்கள் செய்வதற்கென்று வரியின்றி இறக்கும் ரப்பர் உள்நாட்டுச் சந்தையில் கசியாதபடி கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும். பால் வரத்து மிகுந்திருக்கும் மாதங்களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

5. மறுநடவு மானியத்தை இன்றைய செலவுக்கேற்ப உயர்த்தி, மரம் பால் தரும்வரை ஏழாண்டுக்கும் வாழ்வாதார உதவி வழங்க வேண்டும். மழை மறைப்புக்கும் இலையுதிர் நோய்க்கான மருந்து தெளிப்புக்கும் உதவித்தொகை பருவமழைக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

தமிழ்நாடு அரசிடம்

6. கேரள அரசு 2015இல் கிலோவுக்கு 150 ரூபாயை உறுதிசெய்யும் ஊக்கத்தொகைத் திட்டத்தைத் தொடங்கி, தொகையைப் படிப்படியாக உயர்த்தியது. மாநில எல்லையான களியக்காவிளைக்கு இப்பாலுள்ள விவசாயிக்கும் அதற்கு இணையான விலைப் பாதுகாப்பு வேண்டும்.

7. குமரி மாவட்டத்தில் அரசே நடத்தும் தரம் பிரிக்கும் நிலையங்களும் கொள்முதல் நிலையங்களும், நீண்டகாலக் கோரிக்கையான ரப்பர் பூங்காவும் வேண்டும். இங்கே விளையும் பால் இங்கேயே கையுறையாகவும் டியூபாகவும் மாறினால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்.

8. இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் உழைத்து நிலைநிறுத்தியது அரசு ரப்பர் கழகம். அதன் தோட்டங்களில் முதிர்ந்த மரங்களை மாற்றி மறுநடவு செய்ய வேண்டும். தொழிலாளருக்கு நியாயமான கூலி உயர்வும், குடியிருக்கத் தகுந்த வீடும், ஓய்வுபெற்றோருக்கு நிலுவையின்றிப் பணிக்கொடையும் தர வேண்டும்.

9. தனியார் தோட்டங்களில் பால் வெட்டுவோரையும் நலவாரியத்தில் பதிவுசெய்து, மழையால் வேலையிழக்கும் நாட்களுக்கு நிவாரணம் வழங்க வேண்டும். விலைப் பாதுகாப்பின் பயனில் ஒரு பங்கு வெட்டுக்கூலியாக அவர்களைச் சேர வேண்டும்.

டயர் தொழில் எங்களுக்கு எதிரி அல்ல. நாட்டின் ரப்பரில் பெரும்பகுதியை வாங்குவது அதுதான். அது வளர வேண்டும். ஆனால் மலிவு இறக்குமதியை மட்டும் நம்பி வளரும் ஆலை, கடல்வழி அடைபடும் நாளிலோ வெளிநாட்டுத் தோட்டங்களை நோய் தாக்கும் நாளிலோ எங்கே போகும்? அன்றைக்கு எங்களைத் தேடி வந்தால், ஏழாண்டு காத்திருக்கத்தான் சொல்ல முடியும்.

இந்தச் சாசனத்தைக் கிராமசபைகளில் வைத்துத் தீர்மானமாக்குவோம். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் நேரில் கொடுத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் கேட்போம். மறுநடவுக்கு மரம் முறிக்கும் ஒவ்வொரு விவசாயியும் அதே மண்ணில் ரப்பர் நடுவதா, வேறு பயிருக்கு மாறுவதா என்று இப்போதே முடிவுசெய்கிறார். அந்த முடிவுக்கு முன் அரசின் பதில் வர வேண்டும்.