கார்த் திருவிழா

இங்கிலீஷ் பேப்பரில் 'கார் ஃபெஸ்டிவல்' என்று படித்துவிட்டு, கோயில் வாசலில் அம்பாஸிடரும் ஃபியட்டும் வரிசையாக நிற்கும் என்று நம்பின ஒரு பையனை எனக்கு நன்றாகத் தெரியும். (தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.) தேருக்குத்தான் அந்தப் பெயர் என்று விளங்கினபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நிஜமாகவே காருக்குத் திருவிழா எடுக்கிற ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் தலைநகரமான இண்டியானாபொலிஸ். மே மாசம் பிறந்தால் ஊருக்கே ஜுரம் கண்டுவிடும். ரேஸுக்குப் பெயர் 'இண்டியானாபொலிஸ் 500'. திருவிழாவுக்குப் பெயர் '500 ஃபெஸ்டிவல்'.

"மூணு மணி நேர ரேஸுக்கு ஒரு மாசத் திருவிழாவா? வேலை வெட்டி இல்லையா அவங்களுக்கு?" என்றார் எதிர்வீட்டு மாமா.

மாமா கோயில் குளம் என்று போகிறவர். அதனால் அவர் பாஷையிலேயே சொன்னேன். "ரேஸ்தான் மாமா மூலவர். ஊர்வலம், உற்சவர்."

"அப்படிச் சொல்லு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் மூலவர். 1909-ல் கட்டின மைதானம். ஜல்லியும் தாரும் போட்ட முதல் தரை, முதல் பந்தயங்களிலேயே பெயர்ந்து, உயிர்ச் சேதமும் ஆகிவிட்டது. அதே வருஷம் 32 லட்சம் செங்கல்லைப் பரப்பிவிட்டார்கள். (இன்றைக்குத் தார்தான். முடிவுக் கோட்டில் மட்டும் மூன்றடி அகலத்துக்குச் செங்கல்லை விட்டுவைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர் மண்டியிட்டு அதற்கு முத்தம் கொடுப்பார்.) ஒரு சுற்று இரண்டரை மைல். 200 சுற்று. ஆக 500 மைல்.

முதல் 500, 1911 மே 30. மற்றவர்களெல்லாம் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல, பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். ரே ஹாரூன் என்பவர் மட்டும் ஆளுக்குப் பதில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தனியாக வந்தார். ஜெயித்தார். ஆறே முக்கால் மணி நேரம் ஆனது. சராசரி வேகம் மணிக்கு 75 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. 2021-ல் ஜெயித்த காஸ்ட்ரோநெவஸின் சராசரி 190 மைல்! நடுவில் 110 வருஷம்.

பிரசாதம் உண்டா என்று மாமா கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். உண்டு. பால். 1936-ல் மூன்றாவது முறையாக ஜெயித்த லூயி மேயர், வெயிலுக்கு நல்லது என்று அம்மா சொல்லிக்கொடுத்தபடி மோர் குடித்தார். சாட்சாத் மோர்தான் சார்! அந்த போட்டோவைப் பார்த்த பால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அது சம்பிரதாயமாகிவிட்டது. நடுவில் சில வருஷம் விட்டுப்போய், 1956-லிருந்து விடாமல் நடக்கிறது. 1993-ல் ஜெயித்த பிரேசில்காரர் எமர்சன் ஃபிட்டிபால்டி, சொந்த ஊரில் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்தவர், பாலுக்கு முன்னால் ஆரஞ்சு ஜூஸைக் குடித்தார். அவரை ஜனங்கள் 'ஊ' என்று கூவியது இன்னும் ஓயவில்லை.

★

இனி உற்சவர்.

ஒரு சூட்சுமம் இருக்கிறது. இண்டியானாபொலிஸ் 500 நடப்பது இண்டியானாபொலிஸில் இல்லை! மைதானம் இருப்பது 'ஸ்பீட்வே' என்கிற தனி ஊரில். அதைச் சுற்றி நாலா பக்கமும் இண்டியானாபொலிஸ். டிக்கெட் வாங்கினவர்கள் உள்ளே போவார்கள். வாங்காத உள்ளூர்க்காரன்? டி.வி.யில் பார்க்கலாம் என்கிறீர்களா? உலகமெல்லாம் நேரடியாகப் பார்க்கும். அந்த ஊர் டி.வி.யில் மட்டும் நேரடியாகக் காட்டாமல் இருந்தார்கள். காட்டினால் டிக்கெட் விற்காதாம். பல வருஷம் இதுதான் வழக்கமாக இருந்தது. 2016-ல் நூறாவது ரேஸுக்கு டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்த பிறகுதான் மனசு இரங்கி அந்த வருஷம் காட்டினார்கள். நான் பி.காம். படித்தவன். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. அதற்காகப் பிடிக்க வேண்டுமென்று சட்டமில்லை.

கோயிலுக்குள் வர முடியாதவனுக்கும் தரிசனம் கிடைக்கத்தானே உற்சவர் வீதிக்கு வருகிறார்? அதே கதைதான். 1955-ல் ரேஸ் உலகத்துக்குப் போதாத காலம். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் ஜெயித்த பில் வூக்கோவிச், மூன்றாவது தடவையும் முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது விபத்தில் போனார். சில நாள் கழித்து பிரான்சில் லெமான் பந்தயத்தில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து, 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவரை அமெரிக்காவில் ரேஸ்களை நடத்த அங்கீகாரம் தந்துவந்த மோட்டார் சங்கம், இனி வேண்டாம் என்று கையைக் கழுவிக்கொண்டது. மைதானத்தின் சொந்தக்காரர் டோனி ஹல்மன் முதலானவர்கள் புதிதாக ஒரு சங்கம் கட்டி ரேஸைக் காப்பாற்றினார்கள்.

1956-ல் பக்கத்து கென்டக்கி மாநிலத்தில், குதிரைப் பந்தயத்தை ஒட்டி விழாவும் ஊர்வலமும் களை கட்டியது. பக்கத்து வீட்டில் பெரிசாகக் கொலு வைத்தால் நம் வீட்டில் கை சும்மா இருக்குமா? 1957-ல் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து 500 ஃபெஸ்டிவலை ஆரம்பித்தார்கள். லாப நோக்கம் கிடையாது. தொண்டர்கள் தோள் கொடுத்து நடத்துகிற விழா. ரேஸில் ஓட்டப்போகிற 33 டிரைவர்களையும் காரில் உட்கார வைத்து, பாண்டு வாத்தியம், அலங்கார வண்டி சகிதம் நகரத்தின் நடுவீதிக்குக் கொண்டுவந்தார்கள். வீதியோரத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு கையசைப்பு.

அந்தக் கையசைப்பு லேசுப்பட்டதில்லை. அடுத்த வருஷமே, 1958-ல், முதல் சுற்றிலேயே பல கார்கள் மோதிக்கொண்டன. அதே இண்டியானாவில் பிறந்த பாட் ஓ'கானர் வீடு திரும்பவில்லை. ரேஸ் நடப்பது போரில் மாண்ட வீரர்களை நினைக்கிற நாளை ஒட்டி. விழாக்காரர்கள் அவர்களுக்கு ஒரு அஞ்சலிக் கூட்டமும் வைக்கிறார்கள். குதூகலத்துக்கு நடுவே அது ஒரு நிதானம்.

★

"ஊர் முழுக்கத் தரிசனம் கிடைச்சுதா?" என்றார் மாமா. கில்லாடி. சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார்.

கிடைக்கவில்லை. சார்லி விக்கின்ஸ் என்று ஒரு கறுப்பர். அதே ஊரில் கார் மெக்கானிக். சொந்தக் கையால் ரேஸ் கார் கட்டினவர். கறுப்பர் என்பதால் 500-க்குள் விடவில்லை. 1924-லிருந்து 1936 வரை கறுப்பர்கள் தங்களுக்கென்று அதே ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் 100 மைல் ரேஸ் நடத்தினார்கள். விக்கின்ஸ் அதில் நாலு தடவை ஜெயித்தார். 1936-ல் அங்கே நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். 500-ல் முதல் கறுப்பர், வில்லி டி. ரிப்ஸ், ஓட்டினது 1991-ல். முதல் ரேஸ் நடந்து 80 வருஷம் கழித்து!

பெண்கள் கதை இன்னும் வேடிக்கை. 1959 முதல் விழாவுக்கு இளவரசிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 33 டிரைவர், 33 இளவரசி. படிப்பும் பொதுத் தொண்டும் பார்த்து எடுக்கிறார்கள். ஊர்வலத்தில் இளவரசிகள் சிரித்துக்கொண்டே வருவார்கள். ஆனால், ரேஸ் கார் நிற்கிற கொட்டகைக்குள் பெண் காலடி படக்கூடாது என்பது 1971 வரைக்கும் சட்டம்!

1977-ல் ஜேனட் கத்ரி என்கிற பெண்மணி தகுதிச் சுற்றில் தேறி உள்ளே வந்தார். வழக்கமாக "ஜென்டில்மென், இன்ஜினைக் கிளப்புங்கள்" என்று உத்தரவு கொடுப்பது டோனி ஹல்மன். ஒரு லேடி உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? முதல் தடவையாகத் தகுதி பெற்ற லேடியோடு சேர்ந்து, ஜென்டில்மென்.. என்று ஒருமாதிரி சமாளித்தார். அந்த அக்டோபரிலேயே அவர் காலமாகிவிட்டார்.

அதே 1977-ல்தான் விழாக்காரர்கள் 'மினி மாரத்தான்' ஆரம்பித்தார்கள். தூரம் 13 மைல் சொச்சம். இப்போது அந்த ஓட்டம் ரேஸ் மைதானத்துக்குள் போய் ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிறது. காருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாத சுற்று. தொப்பைக்காரருக்கு அரை மணிக்கு மேலாகும். ஆனாலும் செங்கல்லைக் கண்டதும் நின்று, குனிந்து ஒரு முத்தம். டிக்கெட் இல்லாதவன் கருவறைக்குள் போன கதை!

★

2020-ல் கொரோனா. மே மாச ரேஸ் ஆகஸ்ட் 23-க்குத் தள்ளிப்போனது. இரண்டரை லட்சம் நாற்காலியில் ஒரு ஆள் இல்லை. ஜப்பான்காரர் டகுமா சாட்டோ ஜெயித்துப் பால் குடித்தார். கைதட்ட ஜனம் இல்லை. அந்த வருஷம் உள்ளூர் டி.வி.யிலும் நேரடியாகக் காட்டினார்கள். காட்டாமலிருக்கக் காரணம்தான் இல்லையே, விற்பதற்கு டிக்கெட்டே இல்லை! ஊர்வலமும் இல்லை. இத்தனை வருஷம் ரேஸ் தெரியவில்லை, தெரியவில்லை என்று குறைப்பட்ட ஊர், ரேஸ் தெரிந்தும் திருவிழா இல்லாமல் உட்கார்ந்திருந்தது. ஊர்வலம் 2022-ல் மறுபடி வீதிக்கு வந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"வெயிலில் நின்னு வேடிக்கை பாக்கறவனுக்கும் அந்த மோர் உண்டாப்பா?"

"இல்லை மாமா, ஜெயிச்சவருக்கு மட்டும்தான்."

"அப்ப என்ன திருவிழா?" என்று எழுந்து போனவர், வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "நாலு பெரியவங்கதானே ஆரம்பிச்சாங்க? ஒரு தண்ணீர்ப் பந்தல் போடச் சொல்லி ஒரு கார்டு எழுதிப் போடு."