பத்து லைசென்ஸ், நாற்பது பேர்

பருத்தித்துறையில இருந்து முதல் பஸ் பிடிச்சு வந்தாலும் ஆய்வுகூடத்தில வரைபட மென்பொருள் திறக்காது. வலையமைப்பு லைசென்ஸ் ஒரே நேரத்தில் பத்துப்பேருக்குத்தான். நாங்கள் நாற்பது பேர். நேற்றுப் பின்னேரம் மூடாமல் போனவையையும் சேர்வர் இன்னும் கணக்கில் வைத்திருக்கும். பிறகு எங்களுக்குள்ள சண்டை. யார் பிடிச்சு வைத்திருக்கினம் எண்டு சேர்வரிலயே பார்க்கலாம், பார்க்கத்தான் ஆளில்லை.

அதை விடுவம். கியூஜிஐஎஸ் 2002 இல் தொடங்கியது. இலவசம், எத்தனை பேரும் திறக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு, முகாம்களையும் காணாமற்போனோரையும் பதிய ‘சகானா’வைத் திறந்த மூலமாக எழுதின நாடு இது. பிறகேன் பட்டம் முடிஞ்ச அண்டைக்கே கையைவிட்டுப் போற மென்பொருளில எங்களைப் பழக்கிறியள்? அடுத்த அரையாண்டுக்குக் கியூஜிஐஎஸ்ஸைப் போடுங்கோ. நாற்பது கணினியிலயும்.