தீவுக்கு வரும் தாதியர் ஏன் நிலைப்பதில்லை?



"தீவுப் பக்கம் நேர்ஸ்மார் வந்தாலும் நிக்கினம் இல்லை" என்று நாம் அடிக்கடி கதைக்கிறோம். சம்பளம் போதாது, வெளிநாட்டு ஆசை என்று இரண்டு காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். அவை பொய்யல்ல. 2022 நெருக்கடியில் சம்பளத்தின் பெறுமதி கரைந்தது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாடு போக அரசே வழிவிட்டது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் கூடியும், மேலதிக நேரக் கொடுப்பனவு குறைகிறது என்று தாதியர் போராடினார்கள்.

ஆனால் காசு மட்டுமே காரணம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகள் பற்றி லிண்டா ஐக்கன் குழுவினர் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே, அவர் பணியில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 வீதமும் வேலையில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 வீதமும் கூடுகிறதாம். ஆள் குறைந்தால் இருப்பவருக்குச் சுமை கூடும்; சுமை கூடினால் அவரும் போவார்.

மண்டைதீவில் இருக்கும் நமக்குப் பண்ணைப் பாலம் இருக்கிறது. யாழ். போதனா வைத்தியசாலை கிட்ட. நெடுந்தீவுக்கோ குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் கடுத்தால் படகும் நிச்சயமில்லை. அங்கே கடமை செய்பவருக்கு விடுதி, தண்ணீர், இரவுப் பாதுகாப்பு எல்லாம் சலுகை அல்ல, வேலையின் பகுதி.

ஆசிரியர்களான எங்களுக்கு இது புதிதில்லை. கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் இடமாற்றத் திகதி நிச்சயம் என்றால் மனம் ஊன்றிப் படிப்பிப்போம். "பதிலாள் வந்தால் விடுவோம்" என்றால் முதல் நாளே மனம் ஊருக்குப் போய்விடும். தாதியரும் மனிதர்தானே?

ஆளணியும் இடமாற்றமும் அதிகாரிகள் கையில். அதைக் கேட்போம். மிச்சம் நம் கையில். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கும் புலம்பெயர் உறவுகள், தாதியர் விடுதி ஒன்றைத் திருத்தித் தரலாம். வைத்தியர் இல்லாத கோபத்தையும், அம்புலன்ஸ் பிந்திய கோபத்தையும் முன்னால் நிற்கும் தாதியிடம் கொட்டாமல் இருக்கலாம். அதற்குக் காசே தேவையில்லை.

உங்கள் ஊர் வைத்தியசாலைத் தாதியர் விடுதி எப்படி இருக்கிறது? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.