சலவைக்கல் வேண்டா

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டிலே இரண்டு நாள் தங்கியிருந்த எமது மாணவர் குழாம், திரும்புங்கால் வாழவந்தி நாட்டுக் கல்லறைகளைக் காணச் சென்றது. 1929 ஜூன் 15இல் மலேரியாவின் கொடிய வடிவாகிய கருநீர்க் காய்ச்சலால் இறந்த ஜெஸ்ஸி பிராண்டு துரையும், 1974 டிசம்பரில் தமது 95ஆம் அகவையில் மறைந்த அவர்தம் துணைவியார் எவ்லின் அம்மையாரும் அங்கே அருகருகே துயில்கின்றனர். வேலூரிலே தொழுநோயாளரின் கைகளைச் செப்பனிட்ட மருத்துவர் பால் பிராண்டு இவர்தம் மைந்தரே.

அவ்விடத்து நண்பரொருவர், "இத்தகையோர்க்குச் சலவைக்கல் மண்டபம் ஒன்று வேண்டாவா? கல்லூரியிலே பொருள் திரட்டுவோம்" என்றார். பலரும் தலையசைத்தனர். யாம் இசைந்திலேம். காரணத்தை அன்று செவ்வனே சொல்லமாட்டாமற் போனமையின் ஈண்டு எழுதலுற்றேம்.

அம்மையார் தம் உடலைப் பருத்தித் துணியொன்றிற் சுற்றி மண்ணிலிடுமாறும், அது மண்ணோடு கலந்து புத்துயிர்க்கு உரமாகுமாறும் பணித்தார் என்று மைந்தர் எழுதியுள்ளார். இறுதி இருபது ஆண்டுகளும் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்திலராம். தம் முகத்தைப் பார்க்க விரும்பாதவர்க்குப் பளிங்கிலே சிறப்புச் செய்தல் யாருடைய மகிழ்ச்சிக்கு?

இவர்கள் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்தவர்கள். ஆயினும் எமக்குக் குவேக்கர் என்னும் நண்பர் சபையாரே நினைவுக்கு வந்தனர். இங்கிலாந்திலே அச்சபையார் கல்லறைக்குக் கல் நாட்டுதலை நெடுங்காலம் விலக்கியிருந்து, 1850இலேதான் எளிய, ஒரே அளவினவாகிய கற்களுக்கு இசைந்தனர். செல்வர்க்கும் ஏழைக்கும் ஒரே கல். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னுக்கும் ஜார்டன்ஸ் என்னும் ஊரில் உள்ளது சிறு கல்லே.

"கல்லின்றேல் மறதி வருமே" என்பார்க்கு யாம் மறுமொழி கூறவல்லேம் அல்லேம். அச்சபையின் முதல்வர் ஜார்ஜ் பாக்ஸ் 1691இல் லண்டன் பன்ஹில் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் கிடக்கும் இடம் இதுவென்று இன்று ஒருவராலும் சுட்டிக்காட்ட இயலாது. ஆதலின் பெயரும் ஆண்டும் தாங்கிய கல் வேண்டுவதே. அதற்குமேல் வேண்டா.

நிற்க. மருந்துப் பெட்டியும் டோலியும் சுமந்து இம்மலையேறிய மலைவாசிகளின் கல்லறைகள் எங்கே என்று நண்பரைக் கேட்டோம். அவர் அறியார், யாமும் அறியேம். அவர் இன்னும் மண்டபத்திற்குப் பணம் திரட்டி வருகின்றார். எமது பங்கு ஒரு காசும் தந்திலேம். அக்கல்லறைகளைத் தேடிக் கண்டு, எல்லோர்க்கும் ஓரளவினவாய்க் கல் நாட்ட முன்வருவாராயின், விடுதிச் செலவிற் குறைத்தேனும் தருவோம்.