கொங்கணக் கரையில் கூடாரம்

அம்பர்நாத்திலும் பத்லாபூரிலும் உள்ள நம்மவர் வீட்டுப் பிள்ளைகளை இப்போது பிடித்திருக்கும் பைத்தியம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கூடாரத்தையும் ஸ்டவ்வையும் கார் டிக்கியில் திணித்துக்கொண்டு, காட்டை நாகா, தளோஜா, பன்வேல், பேண் வழியாக அலிபாக் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே கடலோரமாகவே, இருட்டின இடத்தில் கூடாரமடித்துத் தங்கிப் போய்க்கொண்டிருப்பதுதான் அது. பைத்தியம் என்றேனே ஒழியக் குற்றமென்று சொல்லவில்லை. லீவு கிடைத்தால் ஊருக்கு ரயிலேறுவது ஒன்றே பிரயாணமென்று இருந்துவிட்ட பெரியவர்களுக்கு, இத்தனை அருகில் இப்படியொரு பிரதேசம் இருப்பதைக் காட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.

திவேயாகரிலிருந்து ஆரவி வழியாக ஸ்ரீவர்தனுக்குப் போகும் பாதையில், இடப்புறம் குன்றுகள் சாலையின் தோள்மேல் சாய்ந்து நிற்க, வலப்புறம் அரபிக்கடல் திருப்பத்துக்குத் திருப்பம் மறைந்து மறைந்து வெளிப்பட, வண்டியை வேகமாக ஓட்ட எவனுக்கும் மனம் வராது. இதற்கு இணையாகப் பிரயாணிகள் கொண்டாடும் கரை, மத்தியதரைக் கடலில் பிரான்ஸ் தேசத்துக்குச் சொந்தமான கோர்ஸிகாத் தீவின் மேற்குக் கரை. 2,706 மீட்டர் உயர்ந்த சிந்தோ சிகரத்தைத் தாங்கிய அந்த மலைத்தீவில், பியானா என்னும் ஊரருகே செந்நிறப் பாறைகளுக்கு இடையே நெளிந்து செல்லும் ஒடுங்கிய சாலைக்காகவே ஜனங்கள் கூடாரமும் கையுமாக வந்து சேருகிறார்கள். அப்பாறைகளை உள்ளிட்ட போர்த்தோ வளைகுடாவை யுனெஸ்கோ 1983இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் அங்கே கண்ட இடத்தில் கூடாரமடிக்க முடியாது. காட்டுத்தீ பயத்தால் அடுப்பு மூட்டுவதற்கும் தடை உண்டு. கட்டணம் கட்டி, குழாயும் கழிப்பறையும் உள்ள திடல்களில்தான் தங்கவேண்டும். 1975இல் ஏற்பட்ட ஒரு தேசிய ஸ்தாபனம் கரையோர நிலங்களை வாங்கி, விற்பனைக்கு அகப்படாமல் வைத்திருக்கிறது. 1986ஆம் வருஷத்துச் சட்டமோ, ஊர்ப்பகுதிக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டிடம் கூடாதென்றும், தூரப் போக்குவரத்துக்கான புதுச்சாலை கடலுக்கு 2 கிலோமீட்டர் தள்ளியே போகவேண்டுமென்றும் விதித்தது.

நாமோ நேர்மாறான திசையில் போகிறோம். அந்துலே மகாராஷ்டிர முதல் மந்திரியாயிருந்த காலத்தில் முளைத்த ரேவஸ்–ரேடி கடற்கரைச் சாலைத் திட்டம், சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கழிமுகந்தோறும் பாலம் போட்டுக்கொண்டு இப்போது உருவாகி வருகிறது. மறுபுறம், 1991இல் 500 மீட்டர் வரை கரையைக் காக்கப் பிறந்த மத்திய அரசின் விதிகள், ஜன நெருக்கம் மிக்க கிராமங்களில் கட்டுமானம் கூடாத வரம்பை 2019இல் 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறுக்கிவிட்டன. 2020 ஜூன் 3ஆம் தேதி நிஸர்கா புயல் இதே ஸ்ரீவர்தன் பக்கம் கரையேறிப் பாக்குத் தோப்புகளையும் தென்னைகளையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்த பிறகுமா கடலை நெருங்கி வீடு கட்ட ஆசை?

பாலமே வேண்டாமென்பது என் வாதமல்ல. பாக்மாண்ட்லாவில் சாவித்திரி நதியின் முகத்துவாரத்தைக் கடக்கும் ஃபெர்ரி, நமக்கெல்லாம் வேடிக்கை: இரும்புப் பலகை கரையில் இறங்குகிறது, பையன் ஒருவன் கையசைத்தும் சீட்டியடித்தும் கார்களை விரற்கடை இடைவெளியில் நிறுத்துகிறான், மீன்கூடைக்காரிகள் அவற்றின் நடுவே புகுந்து நின்றுகொள்கிறார்கள். ஃபெர்ரி ஓய்ந்த நடுராத்திரியில் பிரசவ வலி கண்டவளை ஆம்பேத் பாலம் வரை சுற்றிக் கொண்டுபோக வேண்டியவனுக்கு அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. ஆகையால் பாலம் வரட்டும். அதன் பின்னால் வரக்கூடிய மனை வியாபாரிகளையும் ரிஸார்ட்டுகளையும் எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யட்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கூடாரக்காரர்களும் யோக்கியர்கள் அல்லர். திங்கட்கிழமை காலையில் காஷீத் மணலில் போய் நின்றால், சவுக்கு மரத்தடியில் கரிக்கட்டையும் பீர்ப் புட்டியும் காகிதத் தட்டும் கிடப்பதைக் காணலாம். அவர்களைத் தடுக்கவும் ஆளில்லை, கழிப்பறை காட்டவும் ஆளில்லை என்னும்போது யாரை நோவது?

மாற்றுவழியைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். அதே ஃபெர்ரியில் அக்கரை போனால் வேளாஸ் இருக்கிறது. பேஷ்வாக்களின் மந்திரி நானா பட்நவீஸின் பூர்விகக் கிராமமான அங்கே, சிப்ளூணைச் சேர்ந்த ஸஹ்யாத்ரி நிஸர்க மித்ர என்ற சங்கம் ஊராரைச் சேர்த்துக்கொண்டு 2002இல் கடலாமை முட்டைகளைக் காக்கத் தொடங்கியது. நாய் நரி அணுகாதபடி வேலியிட்ட இடத்தில் முட்டைகளைப் புதைத்து மேலே கூடை கவிழ்க்கிறார்கள். காலையும் மாலையும் கூடையைத் தூக்கிப் பார்க்கையில் குஞ்சுகள் வெளிவந்திருந்தால், கட்டிய கயிற்றுக்கு இப்பால் கூட்டம் மூச்சடக்கி நிற்க, அவற்றை அலைநோக்கி விடுகிறார்கள். வந்தவர்கள் தங்குவது ஊரார் வீடுகளில். சாப்பிடுவது அவர்கள் சமையல். பணம் போவது அவர்கள் கைக்கு. அதனால் அந்தக் கயிற்றைத் தாண்டத் துணிகிறவனை அதட்டப் போலீஸ் வரவேண்டியதில்லை, ஊர்க்கிழவி ஒருத்தி போதும்.

இந்த அதிகாரத்தைக் கரையிலுள்ள மற்றக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கொடுக்கலாம். தோப்புக்குள், கடலுக்கு எட்டத் தள்ளி ஒரு திடல், நாலு கழிப்பறை, ஒரு கிணறு, கூடாரத்துக்கு இவ்வளவென்று ஒரு ரசீதுப் புஸ்தகம்: இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை. மழை ஓய்ந்து அக்டோபரில் பிள்ளைகள் மறுபடி டிக்கியை நிரப்புவதற்குள் ராய்கட், ரத்னகிரி ஜில்லாக் கலெக்டர்கள் ஊருக்கொரு திடலை அளந்து கல் நட்டுவிடலாம். முதலாண்டுக் கட்டணத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாலும் நம் பிள்ளைகள் கொடுப்பார்கள்.