கைக்கணினி: நுகர்பொருளா, உற்பத்திக் கருவியா?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று 2025-26-ஆம் ஆண்டுக்கான தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இரண்டில் எது வேண்டும் என்பதை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்று அந்த அறிவிப்பு கூறியது. முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு இது. மடிக்கணினியின் பயன் குறித்து 2011 முதல் நிறையப் பேசியிருக்கிறோம். கைக்கணினியைக் கொண்டு ஒரு மாணவர் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இன்னும் பேசவில்லை.

கைக்கணினியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் யார்? போடிநாயக்கனூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அவர்களை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகள் அவர்களில் இருப்பார்கள். குரங்கணிப் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து பேருந்து பிடித்து வருபவர்கள் இருப்பார்கள். எடை குறைவு, மின்னேற்றம் நெடுநேரம் நிற்கும், சிம் அட்டை பொருத்தும் வகையும் உண்டு. மழைக்காலத்தில் மின்சாரம் நின்று நின்று வரும் வீட்டில் இவை சிறிய வசதிகள் அல்ல.

பொருளியலில் நுகர்பொருள், மூலதனப் பொருள் என்று பிரித்துச் சொல்வோம். ஒரே பொருள் பயன்பாட்டைப் பொறுத்து இரண்டாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வாங்கிய தையல் இயந்திரம் வருவாய் ஈட்டத் தொடங்கினால் அது மூலதனம். கடைகளில் இன்று கிடைக்கும் கைக்கணினி, பெரும்பாலும் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் வாங்குவதற்குமான நுகர்பொருளாகவே வடிவமைக்கப்பட்டுள்ளது. அதைக் கற்கவும் கணக்கிடவும் எழுதவும் உதவும் கருவியாக மாற்றுவது அதில் ஓடும் மென்பொருள்தான்.

ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். போடியிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. இரு மையங்களின் வணிகர்களும் ஒரே ஏலத்தில் பங்கேற்கும் முறை 2021-இல் தொடங்கப்பட்டது. வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்ற விவரங்களை வாரியம் இணையத்தில் வெளியிடுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் எந்த விவசாயியும் அவற்றைப் பார்க்கலாம்.

ஆனால், விலையைப் பார்ப்பது வேறு, விலையை ஆராய்வது வேறு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-இல் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் மழையின் பங்கு எவ்வளவு, வரத்தின் பங்கு எவ்வளவு, எந்த மாதம் வரை சரக்கை இருப்பு வைக்கலாம் என்பதையெல்லாம் பல ஆண்டு விவரங்களை வரிசைப்படுத்திக் கணக்கிட்டால்தான் அறிய முடியும். பெரிய வணிகரிடம் அதற்கு ஆளும் கருவியும் உண்டு. சிறு விவசாயியிடம் அன்றைய விலை மட்டுமே உண்டு. தகவல் சமமாகக் கிடைத்தாலும், அதைக் கையாளும் ஆற்றல் சமமாக இல்லாவிட்டால் சந்தை சமமாக இராது.

இந்த ஆற்றலைத் தரும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. விரிதாளுக்கு லிப்ரே ஆபீஸ், புள்ளியியலுக்கு ஆர், பொருளியல் அளவைக்கு கிரெட்டல், நிலவரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், கணக்குப் பதிவுக்கு குனூகேஷ் என்று பட்டியல் நீளும். இவை லினக்ஸ் மேசைக் கணினியில் ஓடும் கட்டற்ற மென்பொருள்கள். கைக்கணினியில் இவை ஓடுமா என்பதே கேள்வி.

ஓடும், ஆனால் ஒரு தடை உண்டு. ஆண்ட்ராய்டின் அடியில் இயங்கும் கரு லினக்ஸ்தான். அதன் மேல் கட்டப்பட்ட அடிப்படை நிரல்களும் திரையைக் கையாளும் முறையும் வேறு என்பதால், மேசைக் கணினிக்கான லினக்ஸ் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. ஆண்ட்ராய்டை அகற்றாமலே, டெபியன் போன்ற ஒரு முழு லினக்ஸ் அமைப்பைத் தனிக் கோப்புறையில் வைத்து இயக்குவதே இதற்கான வழி. டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியின் துணையோடு இதை இன்றே செய்யலாம். கைக்கணினிகளில் பெரும்பாலும் உள்ள ஏ.ஆர்.எம். வகைச் சில்லு, வழக்கமான மேசைக் கணினியின் சில்லிலிருந்து வேறுபட்டது. ஆனால், கட்டற்ற மென்பொருளின் மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால், டெபியன் தன்னார்வலர்கள் அந்தச் சில்லுக்கும் ஏற்றவாறு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழக நிதிநிலை அறிக்கை வெளியான அதே மார்ச் மாதத்தில், கூகுள் நிறுவனம் தன் பிக்சல் கைப்பேசிகளுக்கு அளித்த ஆண்ட்ராய்டு மேம்பாட்டில், டெபியன் லினக்ஸை ஒரு மெய்நிகர் இயந்திரமாக இயக்கும் வசதியைச் சேர்த்தது. தொடக்கத்தில் அது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையமாக மட்டுமே இருந்தது. ஆயினும், ஆர்வலர்கள் குறுக்கு வழியில் செய்துவந்ததை ஆண்ட்ராய்டை உருவாக்கிய நிறுவனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த முயற்சி புதிதும் அன்று. 2005-இல் நோக்கியா வெளியிட்ட 770 என்ற இணையக் கைக்கணினி, டெபியனை அடிப்படையாகக் கொண்டே இயங்கியது. அதன் பின்வந்த என்800, என்810 கருவிகளில் ஆர்வலர்கள் முழு டெபியனை ஏற்றி, ஓப்பன் ஆபீஸ் போன்ற மேசைக் கணினி மென்பொருள்களை 128 எம்பி நினைவகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். நம் நாட்டில் 2001-இல் பெங்களூரு அறிவியலாளர்கள் உருவாக்கிய சிம்ப்யூட்டரும் லினக்ஸில் இயங்கியதே. 2012-இல் வெளிவந்த ஆகாஷ்-2 கைக்கணினியை மத்திய அரசு 2,263 ரூபாய்க்கு வாங்கியது. மும்பை ஐஐடி குழுவினர், 512 எம்பி நினைவகமே கொண்ட அக்கருவியில் சைலேப், பைத்தான், சி மொழி ஆகியவற்றை ஓடச் செய்தார்கள். ஆகாஷ் திட்டம் நிலைக்கவில்லை. ஆனால் அது நிலைக்காததற்குக் கட்டற்ற மென்பொருளைக் காரணம் சொல்ல முடியாது.

ஓய்வுக்குப் பின் நானும் இதைச் சோதித்துப் பார்த்தேன். 3 ஜிபி நினைவகம் கொண்ட என் பழைய கைக்கணினியில் டெபியனை ஏற்றி, கிரெட்டல் மென்பொருளில் ஏலக்காய் விலை விவரங்களைச் சேர்த்தேன். மேசைக் கணினித் திரைக்கு வரைந்த சின்னஞ்சிறு பட்டியல்களை விரலால் தொடுவது பெரும்பாடு. விசைப்பலகையும் சுட்டியும் இணைத்த பிறகே வேலை நடந்தது. வேகம் குறைவுதான். ஆயினும், முன்பு கல்லூரிக் கணினி அறையில் வரிசையில் நின்று செய்த பயிற்சியை வீட்டுத் திண்ணையில் இணையத் தொடர்பில்லாமல் செய்து முடித்தேன்.

"இவ்வளவு பாடு எதற்கு, எல்லோரும் மடிக்கணினியையே வாங்கிக்கொள்ளட்டுமே" என்று கேட்கலாம். பொறியியல் மாணவருக்கு மடிக்கணினியே மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரசு தேர்வுரிமையை அறிவித்த பிறகு, ஏழை மாணவர் தம் சூழலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்த காரணத்தாலேயே குறைந்த ஆற்றலுள்ள கருவியைப் பெறக் கூடாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் என்று கொண்டால், ஒதுக்கீடு தலைக்கு 20,000 ரூபாய் ஆகிறது. கருவிக்குத்தான் செலவு, இந்த மென்பொருளுக்குச் செலவில்லை.

எனவே, கைக்கணினிக்கான ஒப்பந்தப்புள்ளியில் சில நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். நினைவகம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. விசைப்பலகை உடன் வர வேண்டும். முழு லினக்ஸ் அமைப்பு, தமிழ்த் தட்டச்சு வசதியோடு முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். மாணவர் புதிய மென்பொருளை நிறுவுவதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இருக்கலாகாது. மலைச்சரிவுகளில் அலைக்கற்றைத் தொடர்பு சீராக இல்லை என்பதால், மென்பொருள் களஞ்சியத்தின் பிரதி ஒன்றை ஒவ்வொரு கல்லூரியிலும் வைத்து, மாணவர் அங்கேயே பதிவிறக்கிக்கொள்ள வழி செய்ய வேண்டும். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. கைக்கணினிக்கு ஏற்ற பதிப்பை ஆயத்தம் செய்யும் பணியை அந்த மையத்திடமே ஒப்படைக்கலாம்.

ஆனால், கருவி மட்டும் போதாது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. என் வகுப்புக்கு வந்த மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் அரிது. அதில் என்ன இருக்கிறது என்று சொல்லித்தராதது என்னைப் போன்ற ஆசிரியர்களின் குறை. போடிமெட்டைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரள அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி கற்பிக்கின்றன. ஆசிரியர்களுக்கு அதற்கென முறையான பயிற்சியும் அளிக்கப்படுகிறது. ஒரே மலையின் இரு சரிவுகளில் வளரும் பிள்ளைகளில் ஒரு சாரார் கருவியை ஆளவும், மறு சாரார் அதைப் பார்க்கவும் மட்டும் கற்றால், நாளைய ஏலச் சந்தையில் யார் விலை சொல்வார்கள், யார் விலை கேட்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பொதுப்பணத்தில் வாங்கும் கருவி, பெறுபவரின் உழைப்பைப் பெருக்க வேண்டும். ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகள் தன் கைக்கணினியில் படமும் பார்க்கட்டும், பாட்டும் கேட்கட்டும். அத்துடன், தன் தாய் பறித்த காயின் பத்தாண்டு விலையையும் அவள் அதிலேயே கணக்கிட முடிய வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்க வேண்டிய சில வரிகளில் அந்த வாய்ப்பு அடங்கியிருக்கிறது.